ஓரிரவுக் கணக்கை வைத்து முடிவுகட்ட வேண்டாம்

‘வீடற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவர்களும் குடியால் தெருவுக்கு வந்தவர்கள்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அதற்குச் சான்றாக நீங்கள் காட்டுவது, ஒரே இரவில் தெருவில் படுத்திருந்தவர்களை எண்ணி எடுத்த கணக்கு. அன்றிரவு தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் படுத்தவர்கள் அதில் வரவே மாட்டார்கள், வண்டிக்குள் படுத்தவர்களில் பலரும் விடுபடுவார்கள். பெண்கள் பாதுகாப்புக்காகக் கண்ணில் படாமல் ஒதுங்குவார்கள், அவர்களும் விடுபடுவார்கள்.

குடி சிலருக்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தெருவுக்கு வந்தபிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. வாடகை ஏற்றம், வேலையிழப்பு, வீட்டுக்குள் அடி உதை, இவற்றை எப்படி விட்டுவிட்டீர்கள்? பின்லாந்து 2008 முதல், குடியை விட்டால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்தது. நெடுங்காலமாக வீடற்றிருந்தோர் எண்ணிக்கை அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது.