நமக்குக் கோடை, அவர்களுக்கு மழைக்காலம்

இந்தக் கோடையும் ஓடியே போய்விட்டது. ஜூனில் இங்கே ஹூஸ்டனில் சபையின் விபிஎஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. அது முடிந்த கையோடு மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸுக்கு மிஷன் பயணம், அங்குள்ள சபையோடு சேர்ந்து சேவை செய்ய. திரும்பி வந்ததும், போய் வந்த அனுபவத்தைச் சபையில் சொல்லும் சாட்சிக் கூட்டங்கள். போட்டோக்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வாழ்த்தினீர்கள், நன்றி. சிலர் இன்பாக்ஸில் வேறு மாதிரி கேட்டீர்கள்: "இவ்வளவு டிக்கெட் செலவு செய்து போவதற்கு அந்தப் பணத்தை அனுப்பிவிடலாமே பிரதர்?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடை மிஷன் பயணங்கள் வேண்டும். ஆனால் அங்குள்ள சபை கூப்பிட்டுப் போகிற பயணமாக இருக்க வேண்டும். அவர்கள் சொன்ன வேலையை, அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் கைக்குக் கீழே நின்று செய்ய வேண்டும். அப்படி இல்லாத பயணத்துக்குக் காணிக்கை எடுப்பதையே நிறுத்திவிடலாம்.

1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள், ஊர் ஊராக வீடுகள் ஆற்றோடு போயின. வட அமெரிக்கச் சபைகள் குழு குழுவாகக் கிளம்பிப் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர், மிஷிகனில் உள்ள கால்வின் கல்லூரியைச் (இப்போது கால்வின் பல்கலைக்கழகம்) சேர்ந்தவர், அந்த நாட்டிலேயே குடும்பத்தோடு குடியிருப்பவர், அவரும் விசுவாசிதான். வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகளில் இருந்தவர்களையும், உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளில் இருந்தவர்களையும் அவர் நேரில் கண்டு விசாரித்தார். அந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வீடு பெற்றவர்களின் வாழ்க்கையில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறக்குறைய 2,000 டாலர். ஒரு குழு வந்து போக ஆனது ஏறக்குறைய 30,000 டாலர். அந்தப் பணத்தில் இன்னும் சில வீடுகள் எழும்பியிருக்கலாமே என்று அந்த மக்களே சொன்னார்கள். அதைவிட என்னைச் சுட்டது வேறு. இப்படிப் போய் வந்தவர்களின் ஜெபமும் கொடுத்தலும் ஊர் திரும்பிய பிறகு பெரிதாக மாறிவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. "போனவர்களின் வாழ்க்கையே மாறிவிட்டது" என்று சாட்சிக் கூட்டங்களில் சொல்கிறோமே, அதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் ஏன் போக வேண்டும்? அதற்கு முன் காலண்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலை. ஹோண்டுராஸில் பள்ளி பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை போகும். நாம் பலூனும் கிட்டாருமாகக் காலை ஒன்பது மணிக்கு விபிஎஸ் வைத்தால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். மே மாதம் மழை பிடித்தால் நவம்பர் வரை இருக்கும். நம்முடைய கோடை அவர்களுக்கு மழைக்காலம். மலைப் பாதைகள் சேறாகிவிடும், பச்சை மண் செங்கல் காயாது. சோளம் விதைத்து, களை எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் இருபது பேர் போய் இறங்கினால், அவர்களுக்குச் சமைத்துப் போட ஐந்தாறு பெண்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். இதெல்லாம் கேட்டால்தான் தெரியும். கேட்காமலேயே டிக்கெட் போட்டுவிடுகிறோம்.

இந்திபுக்கா மலைப்பகுதியில் எங்களை அழைக்கும் சபைப் பாஸ்டர் நேராகவே சொல்லிவிடுவார்: விபிஎஸ் மதியத்துக்கு மேல்தான், ஆட்கள் குறைவாக வாருங்கள், பழைய துணி மூட்டை வேண்டாம். துணி வேண்டாம் என்பதில் அவர் கண்டிப்பு. பழைய அமெரிக்கத் துணி விற்கும் கடைகள் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர் சபையிலேயே அந்தப் பிழைப்பில் இருப்பவர்கள் உண்டு. நாம் இலவசமாக அள்ளிக் கொடுத்தால் அடிபடுவது அவர்கள்.

அவர்கள் எங்களிடம் கேட்டது அடுப்பு. மலை ஊர்களில் இன்னும் பல வீடுகளில் திறந்த விறகடுப்புதான். புகை போக வழி கிடையாது. கூரையின் உட்புறம் கரி பிடித்துத் தார் பூசியது போல் மின்னும், குழந்தை எந்நேரமும் இருமிக்கொண்டிருக்கும். இதற்கு அங்கே ஹூஸ்தா அடுப்பு என்று ஒன்று கட்டுகிறார்கள். மிட்ச் புயலுக்குப் பிறகு, தலைநகர் தெகுசிகால்பா பக்கம் சுயாபாவில் ஹூஸ்தா நூன்யெஸ் என்ற பெண்மணி தன் அடுப்படி அனுபவத்தைச் சொல்லச் சொல்ல, வெளியிலிருந்து வந்த அடுப்பு நிபுணர்கள் திருத்தித் திருத்திச் செய்தது. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விறகு வைக்கும் வாய் 'எல்' வடிவில் வளைந்திருக்கும், சுற்றிலும் சாம்பலைக் கொட்டி வெப்பம் வெளியேறாமல் அடைப்பார்கள், மேலே இரும்புத் தகடு, பின்னால் புகைபோக்கி. விறகும் குறைவு, புகையும் வெளியே போய்விடும்.

இந்த முறை ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மேஸ்திரி உள்ளூர்க்காரர், கூலியும் அவருக்குத்தான். எங்கள் வேலை சாம்பல் சலிப்பது, மண் குழைப்பது, கல் எடுத்துக் கொடுப்பது. அடித்தளம் எழும்பியதும் வீட்டுக்கார அம்மா வந்து நின்று, உள்ளங்கையை அதன்மேல் பரப்பி வைத்து, தோளைத் தளர்த்திப் பார்த்தார். நாள் முழுக்க சோள ரொட்டி தட்டிப் போட்டு எடுக்கிறவர் அல்லவா! உயரம் சரிப்படவில்லை. ஒரு வரிசையை எடுத்துவிடச் சொன்னார். மேஸ்திரி மறு பேச்சில்லாமல் எடுத்தார். எங்கள் குழுவில் இரண்டு சிவில் இன்ஜினியர்கள் இருந்தார்கள், அவர்கள் வாயே திறக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் சுள்ளி வைத்துப் பற்றவைத்தபோது, வீட்டுச் சிறுமி வெளியே ஓடிப்போய்க் கூரைக்கு மேல் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கத்தினாள். ஒரு குழு செய்யவேண்டியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்: கூலிக்கும் சாமானுக்கும் பணம், கூடமாட நிற்க ஆள்.

மருத்துவ முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 'பிரிகாதா' என்பார்கள். மருந்துக்காக விடியற்காலையிலிருந்து வரிசை நிற்கும். ரத்த அழுத்தம் பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், இரண்டாம் மாதம் அந்தப் பாட்டி என்ன செய்வார்? உள்ளூர் சுகாதார நிலையத்து நர்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெயரை அவர்கள் பதிவேட்டில் ஏற்றி, அங்கே கிடைக்கிற மாத்திரையையே எழுதிக் கொடுத்தால்தான் அது வைத்தியம். மற்றபடி போட்டோதான் மிஞ்சும். கோபமாகச் சொல்வதுபோல் தெரிந்தால், ஆமாம், கோபம்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பணத்தை மட்டும் அனுப்பினால் போதாதா? போதாது என்று சொல்ல என்னிடம் இருக்கும் பலமான சாட்சி நம் ஊர்க்காரர். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிறகு தானே தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு படித்து, அந்த மக்களோடு வாழ்ந்து, 1912இல் பேராயரானவர். 1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரித் தலைவர்கள் முன்னால் எழுந்து நின்று அவர் பேசினார். நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அரங்கில் பலருக்கு அது ரசிக்கவில்லை. ஒரு காலத்தில் வாங்கும் பக்கம் இருந்த நாம் இன்று டாலர் சம்பளத்தோடு கொடுக்கும் பக்கம் வந்திருக்கிறோம். அசரியா அன்று யாரைப் பார்த்துப் பேசினாரோ, அந்த நாற்காலியில் இன்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். நட்பைத் தபாலில் அனுப்ப முடியாது. அதற்கு நேரில் போக வேண்டும், அதே ஊருக்கு, அதே வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். இயேசு எழுபது பேரை அனுப்பும்போது பணப்பையும் வேண்டாம், சாமான் பையும் வேண்டாம், ஒரே வீட்டில் தங்கி, வைத்ததைச் சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார். விருந்தாளியாகப் போகச் சொன்னார். நாம் ஆளுக்கு இரண்டு பெட்டி நிறையப் பொருளோடு போய், சாப்பாட்டையும் இங்கிருந்தே எடுத்துப்போகிறோம்.

ஆகவே என் பதில், இரண்டும் வேண்டும். இருபது பேர் போகிற இடத்தில் ஆறு பேர் போகலாம். மிச்சப்படும் டிக்கெட் பணம் அந்தச் சபையின் கைக்கே போகட்டும், கணக்கும் அவர்களே வைக்கட்டும்.

அடுத்த வருடத்துக்கு அந்தப் பாஸ்டர் கேட்டிருப்பவை இவை: மேஸ்திரிக்கு ஒரு வருடக் கூலி, ஸ்பானிஷ் பேசத் தெரிந்த ஒரு நர்ஸ், அப்புறம் நாங்கள் ஜூலையில் வராமல் பள்ளி விடுமுறையான ஜனவரியில் வருவது. மண் செங்கல் காய்வதற்கும் அதுதான் தோதான காலம். ஜனவரியில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று எங்கள் கமிட்டியில் இப்போதே முணுமுணுப்பு கேட்கிறது. நான் ஜனவரிக்குத்தான் கை தூக்கப் போகிறேன். வர நினைக்கும் தம்பி தங்கைகள் இப்போதிருந்தே ஸ்பானிஷ் படிக்க ஆரம்பியுங்கள். நர்ஸாக இருக்கும் அக்காமார் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.