முதுகு தரைக்கு இணையாக நிற்க வேண்டும்

பின்னங்கால்கள் செயலிழந்த நாய்க்குச் சக்கர வண்டி பூட்டியவுடன் அது ஓடத் தொடங்கிவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அனுபவம் வேறு. கிருஷ்ணகிரி அருகே நெடுஞ்சாலையில் வாகனம் மோதி முதுகெலும்பு முறிந்த எங்கள் நாய் மணிக்கு, பிவிசி குழாயில் என் தம்பி செய்த முதல் வண்டி உயரம் கூடிப்போனதால், பாரமெல்லாம் முன்னங்கால்களில் இறங்கி, பாவம், 10 அடிகூட நகர முடியாமல் நின்றுவிட்டது. இடுப்பின் அகலத்தையும் உயரத்தையும் மீண்டும் அளந்து, முதுகு தரைக்கு இணையாக நிற்கும்படி மாற்றிய பிறகே மாந்தோப்பு வரை தானாக நடந்து வந்தது. தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு மேல் பூட்ட வேண்டாம். கழற்றியதும் வார் உரசிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உணர்ச்சியற்ற தோலில் புண் வந்தாலும் நாய் முனகாது. சிறுநீர் தானாகப் பிரியாத நாய்க்கு, அடிவயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வது வண்டியைவிட அவசரமானது.