எட்டா, ஆறா?

நேற்று மாலை என் தாயார் மாத்திரைத் தாளை மூன்றாவது முறையாகச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது எட்டா, ஆறா என்று பார்த்துச் சொல்லப்பா" என்று கேட்டபோது என் பொறுமை அற்றுப்போயிற்று. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய அந்த ஆங்கிலத் தாளில், மருந்தின் பெயர், வேளை, அளவு, எச்சரிக்கை என ஒரு வரி மிச்சமில்லாமல், எல்லாவற்றையும் கூப்பர் பிளாக் என்ற தடித்த எழுத்துருவில் 8 பாயிண்ட் என்ற பொடி அளவில் அடித்து, அதையும் நகலெடுத்துத் தந்திருக்கிறார்கள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பேரன் கைப்பேசி விளக்கைப் பிடித்தான். நான் படமெடுத்துப் பெரிதாக்கினேன். சிறிய கரும்பொட்டு பெரிய கரும்பொட்டானதே தவிர, இரத்த அழுத்த மாத்திரை காலை 6 மணிக்கா 8 மணிக்கா என்பது விளங்கவில்லை. மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு பேரிடம் மாற்றி மாற்றிச் சொல்லி, இருபது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்த விளக்கம் இதுதான்: "தடித்த எழுத்தாக இருந்தால் வயதானவர்களுக்கு நன்றாகத் தெரியுமே என்றுதான் போட்டோம்."

தெரியாது! கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் சுருங்குகிறது; நம் கண் 6-ஐயும் 8-ஐயும் பிரித்தறிவது அந்த வெள்ளையை வைத்துத்தான். கூப்பர் பிளாக்கில் 'e', 'a' ஆகியவற்றின் துளைகள் ஏற்கெனவே மிகச் சிறியவை. நகல் இயந்திரத்தின் மை சற்றே பரவினாலும் அவை அடைபட்டுவிடும். இதைக் கணினியின் முன்னால் அமர்ந்திருந்தவர் ஒரே ஒரு தாளை அச்சிட்டு, கையில் எடுத்து வாசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

எனக்கு அந்த எழுத்துருவின் மீது பகை இல்லை. உண்மையில் மிகவும் பிடிக்கும். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்ட எழுத்து அது. கூர்முனை எங்கும் இல்லாமல், எழுத்தின் பாதங்கள்கூட உருண்டு, 'O' சற்றே சாய்ந்து நிற்கும் அந்தக் கொழுத்த வடிவம் விளம்பரத் தலைப்புகளுக்கென்றே பிறந்தது. கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களைக் கொண்ட தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கான எழுத்து என்று அதைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அது தலைப்பளவுக்குப் பொருந்தும் பேச்சு. 8 பாயிண்ட்டுக்கு அல்ல. ஈஸிஜெட் விமானத்தின் உடலில் ஆளுயரத்துக்கு எழுதினால் ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்தும் படிக்கலாம். நெருக்கமாகப் படிக்க வேண்டிய பத்திகளுக்கென, கூப்பர் பிளாக்குக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, மெலிந்த கூப்பர் எழுத்தை அதே மனிதர் வரைந்து கொடுத்திருந்தார். வரைந்தவருக்குத் தெரிந்திருந்த வேறுபாட்டை நூறாண்டு கழித்துப் பயன்படுத்துபவர் அறியாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் கூப்பர் பிளாக்குக்கு உரிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது: உச்சியில் பெரிதாக வரும் மருத்துவமனையின் பெயர். அதை மட்டும் முடியிழை போன்ற மெல்லிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சாதாரணப் பேனாவால், வரிக்கு வரி இடம்விட்டு, தொலைபேசியில் கேட்டறிந்த எல்லா வேளைகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். அம்மா கண்ணாடி போடாமலே வாசித்தார். எட்டு மணிதானாம்.