ஜூன் மாதத்து உறை

2014ஆம் ஆண்டு அக்டோபரில், ஃப்ரீமாண்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் தபாலில் வந்த வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கலிபோர்னியாவின் பதினேழாவது காங்கிரஸ் தொகுதி என்ற தலைப்பின் கீழ் மைக் ஹோண்டா, ரோ கன்னா என இரண்டே பெயர்கள் இருந்தன. இரண்டின் அடியிலும் ஜனநாயகக் கட்சி என்றே அச்சாகியிருந்தது. கட்சி சார்பின்றி ஜூன் மாத முதற்கட்டத் தேர்தலில் முதலிரண்டு இடங்களைப் பிடிப்பவர்களே நவம்பரில் மோத வேண்டும் என்று 2010இல் இம்மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய திருத்தத்தின் விளைவு அது.

அன்று எனக்கு ரோ கன்னாவின் மீது கோபம்தான் இருந்தது. ஹோண்டா 1941இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை இந்நாட்டு அரசு அடைத்து வைத்த முகாம்களுள் ஒன்றான கொலராடோவின் அமாச்சியில், முள்வேலிக்குள் தம் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்தவர். சான் ஹோசேயில் ஆசிரியராகவும் பள்ளி முதல்வராகவும் இருந்து 2001இல் காங்கிரசுக்குள் நுழைந்தவர். ஜப்பானியப் படையினரால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களிடம் ஜப்பான் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற தீர்மானத்தை 2007இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறச் செய்தவரும் அவரே. ஜப்பானிய முன்னோரைக் கொண்ட ஒருவர் அதை முன்னெடுத்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. அப்படிப்பட்ட பெரியவரை வீட்டுக்கு அனுப்ப 38 வயது வழக்கறிஞர் ஒருவர் புறப்பட்டது எனக்கு நன்றிகெட்ட செயலாகப் பட்டது. மூத்தவர் அமர்ந்திருக்கும் நாற்காலியின் மீது இளையவர் கண் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஹோண்டாவுக்கே வாக்களித்தேன். ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார்.

2016இல் அதே இருவர் மீண்டும் மோதியபோது கன்னாவுக்கு வாக்களித்தேன். அலுவலக வளங்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதாக ஹோண்டாவின் மீது அவையின் நெறிமுறைக் குழு விசாரணை நடந்துகொண்டிருந்தது பலருக்குக் காரணமாக இருந்தது. எனக்கு அது சிறு காரணமே. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த நாட்டுத் தேர்தல் முறையைப் பற்றி நான் படித்தவையே என் மனத்தை மாற்றின.

பக்கத்துத் தொகுதியிலிருந்தே தொடங்குகிறேன். பீட் ஸ்டார்க் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் காங்கிரசில் இருந்தவர். 2012இன் மறுவரையறை வரை ஃப்ரீமாண்டும் அவருடைய தொகுதியில்தான் இருந்தது. வேலை போனபின் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் இருக்கிறார்கள்; அந்த ஏற்பாட்டிலும், கையில் காசில்லை என்று அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஸ்டார்க்கின் உழைப்பு பெரிது. அந்த மனிதர் 2012இல், தம் எண்பதாவது வயதில், முப்பத்தொரு வயது நகரமன்ற உறுப்பினர் எரிக் ஸ்வால்வெல்லை எதிர்கொள்ள நேர்ந்தபோது, ஒரு விவாத மேடையில் ஸ்வால்வெல் லஞ்சம் வாங்கியதாக ஆதாரமின்றிக் குற்றம் சாட்டிவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் தோற்றார்.

இதைப் படித்தபோதும் முதியவருக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டார்க் காங்கிரசுக்குள் வந்த கதையைப் படித்தபோது அந்த வருத்தத்தின் திசை மாறியது. 1972இல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் ஜார்ஜ் மில்லர், 1945 முதல் பதவியில் இருந்தவர், வயது 81. அவரைக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் எதிர்த்து நின்று வீழ்த்தியவர்தான், அப்போது நாற்பது வயதான வங்கியாளர் பீட் ஸ்டார்க். பெரியவர் இருக்கிறாரே என்று அன்று அவர் ஒதுங்கி நின்றிருந்தால், என் தெருவின் மூன்று குடும்பங்கள் நம்பியிருந்த அந்த ஏற்பாட்டில் அவர் கை பட்டிருக்குமா என்று அந்த இரவு முழுவதும் யோசித்தேன்.

பிரதிநிதிகள் அவையின் 435 இடங்களுக்கும் இரண்டாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்கிறது. ஏட்டில் பார்த்தால் இதைவிட மக்களுக்கு நெருக்கமான பதவி இருக்க முடியாது. ஆனால் மீண்டும் போட்டியிடும் உறுப்பினர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வழக்கமாக வென்றுவிடுகிறார்கள். பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால், நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு. அங்கே உண்மையான தேர்தல் என்று ஒன்று நடந்தால், அது அந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தல் மட்டுமே. அதிலும் எதிர்த்து நிற்க யாரும் இல்லையென்றால், அந்தத் தொகுதி மக்களுக்கு அந்த இரண்டாண்டில் தேர்தலே நடக்கவில்லை என்பதே பொருள்.

நியூயார்க்கின் ஜோ கிரௌலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் குயின்ஸ் பகுதியின் கட்சித் தலைவரும் காங்கிரஸ் உறுப்பினருமான தாமஸ் மான்டன், மறுதேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்துவிட்டு, வேறு யாரும் மனுப் போட அவகாசம் இல்லாத நிலையில் விலகிக்கொண்டார். காலியான இடத்தைக் கட்சிக் குழு கிரௌலிக்குக் கொடுத்தது. வாக்காளரிடம் கேட்காமலே தொகுதியைப் பட்டா போட்டுக் கொடுத்தார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். 2018இல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் எதிர்த்து நிற்கும் வரை பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு முதற்கட்டப் போட்டியே இல்லை. பிராங்க்ஸில் நடந்த விவாதத்துக்கு அவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்பினார். எதிரே நின்ற, மதுக்கூடத்தில் பரிமாறி வாழ்ந்துகொண்டிருந்த 28 வயதுப் பெண்ணோ, அடிப்பகுதி ஓட்டையாகும் வரை ஒரே காலணியோடு வீடு வீடாக நடந்தார். அந்தக் காலணி பின்னர் கார்னெல் பல்கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அடுத்த அவைத் தலைவராகலாம் என்று பேசப்பட்ட கிரௌலியின் தலைவிதி, முப்பதாயிரத்துக்கும் குறைவானோர் பதிவு செய்த வாக்குகளில் முடிவானது.

அதன் பிறகு ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு செய்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. நடப்பு உறுப்பினரை எதிர்ப்பவருக்கு வேலை செய்யும் ஆலோசகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் தன்னிடம் வேலை கிடையாது என்று 2019இல் அறிவித்தது. 2021இல் அந்த விதியைக் கைவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஜனநாயகத்தின் பெயரையே தாங்கிய கட்சிக்கு அப்படி ஒரு எண்ணம் தோன்றியதே பெருங்குற்றம்.

அனுபவத்துக்கு மதிப்பில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்டு. சான் ஹோசே வரை பார்ட் ரயில் நீள்வதற்குக் கூட்டரசு ஒதுக்கிய 90 கோடி டாலருக்கு, நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் ஹோண்டா இருந்தது உதவியது. புதியவர் ஒருவர் அந்த இடத்தைப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் மூப்பு அடிப்படையில் பொறுப்பு தரும் வழக்கமே, விலக வேண்டிய வயதிலும் விலகாமல் இருக்க ஒவ்வொருவரையும் தூண்டுகிறது. 2025 மே 22 அன்று, ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் பெரும் வெட்டுகளைக் கொண்ட வரிச் சட்ட வரைவு 215க்கு 214 என்ற கணக்கில் அவையில் நிறைவேறியது. அந்த ஆண்டில் அதற்குள் சில்வெஸ்டர் டர்னர், ரௌல் கிரிஹால்வா, ஜெரி கானலி என்ற மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பதவியிலேயே இறந்திருந்தார்கள். மூவரும் எழுபது வயதைத் தொட்டவர்கள். கானலி இறந்தது வாக்கெடுப்புக்கு முந்தைய நாள். அவர்கள் இருந்திருந்தாலும், வராமல் இருந்த குடியரசுக் கட்சியினர் சிலரை அழைத்து வந்து நிறைவேற்றியிருப்பார்கள் என்ற வாதம் நியாயமானதே. ஆயினும் அன்று மூன்று தொகுதிகளின் மக்களுக்கு அவையில் குரல் இல்லை என்பது மாறாது. இறந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கானலி தமக்குப் புற்றுநோய் இருப்பதை மறைக்கவில்லை. அதை அறிந்த பிறகும், மேற்பார்வைக் குழுவில் கட்சியின் முதன்மைப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தவர்கள் சக உறுப்பினர்களே.

இத்தகைய போட்டிகளைப் பணமே முடிவு செய்துவிடாதா என்ற கேள்விக்குத்தான் என்னிடம் முழு விடை இல்லை. கன்னாவின் 2014ஆம் ஆண்டுப் போட்டிக்கே தொழில்நுட்பச் செல்வந்தர்கள் வாரி வழங்கினார்கள். முப்பதாண்டுகளுக்கும் மேல் பதவியில் இருந்த எலியட் எங்கெலை 2020இல் தோற்கடித்த பள்ளி முதல்வர் ஜமால் போமன், 2024இல் முதற்கட்டத் தேர்தல் என்ற அதே கதவின் வழியாக வெளியேற்றப்பட்டார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பு ஒன்றின் அரசியல் நிதிக் குழு மட்டும் அவருக்கு எதிராக ஒரு கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. அது எனக்கு வேதனை தந்த தோல்வி. ஆனால் பணம் எப்போதும் வெல்வதில்லை. 2014இல் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், தம்மிடம் இருந்ததில் சிறு பங்கு பணம்கூட இல்லாத கல்லூரிப் பேராசிரியர் டேவ் பிராட்டிடம் வர்ஜீனியாவில் தோற்றார். பணத்துக்குக் கடிவாளம் போட வேண்டும் என்பதற்காகக் கதவையே சாத்திவிட முடியாது.

நம்மவர்களும் கதவு திறக்கக் காத்திருந்தவர்களே. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலுக்கு, ஜிம் மெக்டெர்மாட் 28 ஆண்டுகளுக்குப் பின் ஓய்வு பெற்றபோது சியாட்டிலில் இடம் கிடைத்தது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, 2012இல் டாமி டக்வொர்த்திடம் தோற்று, அவர் செனட்டுக்குப் போட்டியிட்டதால் காலியான இடத்தில் 2016இல் வென்றார். அவர்களைக் கொண்டாடும் நம் கூட்டங்களில், பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்க ஒருவர் முன்வந்தால் மட்டும் "பொறுத்திருக்கக் கூடாதா?" என்ற கேள்வி எழுகிறது. 2014இல் அதைக் கேட்டவர்களுள் நானும் ஒருவன்.

அந்த ஆண்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவம்பரில் எந்த இருவர் மோதுவது என்பதை முடிவு செய்த ஜூன் தேர்தலில், கலிபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர்களில் நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார். வாக்களிக்காத மூவரில் நானும் அடக்கம். முக்கியமான தேர்தல் நவம்பரில்தானே என்று மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த அந்த உறை, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது, பிரிக்கப்படாமல் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்தது.