அந்த மாணவியை முதலில் உட்காரச் சொல்லியிருக்கலாம்

பள்ளியில் மூவரால் மாதக்கணக்கில் துன்புறுத்தப்பட்ட ஒரு மாணவி தலைமையாசிரியரிடம் புகார் சொல்லப் போனதைப் பற்றிப் பலர் எனக்கு எழுதியிருந்தீர்கள். அந்தப் பள்ளி வெளியிட்ட விளக்க அறிக்கையை எல்லோரும் படித்திருப்பீர்கள் என்பதால் நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. வளாகம் முழுவதும் 16 கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தியிருக்கிறார்களாம்; மகிழ்ச்சி. ஆனால் தன்னைத் துன்புறுத்தியவர்களின் பெயரைச் சொல்ல வந்த மாணவியை நிற்க வைத்து, அந்த மூவரையும் வரவழைத்து எதிரே நிறுத்தி, "இப்போது சொல்" என்றாரே தலைமையாசிரியர், அந்த அறையிலும் ஒரு கேமரா இருந்திருக்குமே, அது எதைப் பதிவு செய்தது?

நான் சொல்வது ஒன்றுதான். புகாரோடு வரும் குழந்தையைத் தலைமையாசிரியர் முதல் ஐந்து நிமிடங்களில் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் ஒரு பள்ளியின் பாதுகாப்பு இருக்கிறது. தனியாக அமரவைத்துக் கேட்பது, சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதிக்கொள்வது, அடுத்து என்ன நடக்கும் என்று அவளிடமே சொல்வது, ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்து யாராவது பழிவாங்கினார்களா என்று விசாரிப்பது: இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். தலைமையாசிரியர் தட்டிக்கழித்தால் வகுப்பாசிரியரும் தட்டிக்கழிப்பார். அதைப் பிள்ளைகள் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள் தெரியுமா?

1983-இல் நார்வே, பள்ளிகளில் மாணவர்கள் துன்புறுத்தப்படுவதற்கு எதிராக நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியபோது, உளவியலாளர் டான் ஓல்வியஸ் பெர்கன் நகரில் 42 பள்ளிகளின் சுமார் 2,500 மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பெயர் குறிப்பிடாமல் மாணவர்களிடம் கேட்டறிந்தார்கள், இடைவேளையில் பெரியவர்களின் மேற்பார்வையைக் கூட்டினார்கள், துன்புறுத்தியவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் நேரில் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் துன்புறுத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் தலைமையாசிரியர்களில் எத்தனை பேர் இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் நடந்திருப்பார்கள்? அங்கே கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அங்கே போக அஞ்சி, காலையில் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியை மாலையில் நிறைந்தபடியே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"ஒரு தலைமையாசிரியர் எதையெல்லாம் பார்ப்பார்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், பதிவேடுகளும் கூட்டங்களும் அவரை விழுங்குகின்றன, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது ஐந்து நிமிடம். "இருதரப்பையும் விசாரிக்க வேண்டாமா?" என்றார் இன்னொருவர். வேண்டும், தனித்தனியாக! "நாங்களெல்லாம் அடிவாங்கித்தானே உருப்பட்டோம்" என்று எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் எழுதியிருந்த மொழியே உருப்பட்ட லட்சணத்தைக் காட்டுகிறது. (பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு 1989-லேயே சொல்லிவிட்டது. அதையும் நான் கற்பனை செய்ததாகச் சொல்வார்கள்.)

"அவர் நல்ல மனிதர், உங்களுக்கு அவரைத் தெரியாது" என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. என் தலைமையாசிரியரும் நல்ல மனிதர்தான். ஏழாம் வகுப்பில், தண்ணீரில் முக்கியெடுக்கப்பட்ட என் கணக்கு நோட்டுடன் அவர் மேசைக்கு முன் நின்றேன். பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை ஐயா என்றேன். "ஒன்றும் செய்யாமலா இப்படிச் செய்வார்கள்?" என்றார். எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டேன். மேசையில் சொட்டிய நீரைத் துடைக்க உதவியாளரை அழைத்தார், நான் வகுப்புக்குத் திரும்பினேன். அதன்பின் பள்ளியை விட்டு வரும்வரை, நடந்த எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும்கூட.

அந்த மாணவி இத்தனை மாதங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நேற்று நான்கு பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.