பணம் வந்த சேதி வேறு, கணக்கில் ஏறுவது வேறு

ரேஸர்பே என்ற ஆன்லைன் பேமென்ட் கேட்வேயில் பணம் விழுந்ததும் ஸோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் தானாக இன்வாய்ஸ் ஏற வேண்டும், நடுவில் அமேசானின் க்ளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ். இதை யாரிடம் கேட்டாலும் "ஒரு லாம்டா, ரெண்டு ஏபிஐ, ஒரு நாள் வேலை" என்பார்கள். லாம்டா என்பது ஏடபிள்யூஎஸ்ஸில் தேவைப்படும்போது மட்டும் ஓடும் சின்ன நிரல், ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் வழி. ஒரு நாளில் ஓடவும் செய்யும். ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ் ஏறியிருப்பது ஆண்டு முடிவில் ஆடிட்டர் உட்காரும்போதுதான் தெரியவரும். வெப்ஹூக்கை (பணம் வந்ததும் ரேஸர்பே தானாக அனுப்பும் சேதியை) வாங்குகிற நிரலும் கணக்கில் எழுதுகிற நிரலும் ஒன்றாகவே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரேஸர்பே பதிலுக்கு 5 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் "கிடைத்தது" என்று பொருள்படும் 200 என்ற பதில் எண் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 24 மணி நேரம் வரை திரும்ப அனுப்பும். அப்போதும் முடியாவிட்டால் அந்த வெப்ஹூக்கையே முடக்கிவிடும். ஸோஹோ பக்கம் ஒரு விற்பனைக்கு வாடிக்கையாளரைத் தேடு, இல்லையென்றால் உருவாக்கு, இன்வாய்ஸ் போடு, வரவைப் பதி என்று மூன்று நான்கு அழைப்புகள். 5 விநாடி தாண்ட இது போதும். இங்கே இன்வாய்ஸ் ஏறிக்கொண்டிருக்கும், அங்கே "போய்ச் சேரவில்லை" என்று இன்னொரு தடவை கிளம்பியிருக்கும்.

அதனால் முதல் லாம்டா, சேதி ரேஸர்பேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்து, சேதியை ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்க்யூஎஸ் என்ற சேதி வரிசையில் போட்டு, 200 சொல்லி விலகிவிட வேண்டும். அதை எடுத்து ஸோஹோவில் எழுதுவது இரண்டாவது லாம்டாவின் வேலை. கையொப்பம் பொருந்தாவிட்டால் பலரும் ரகசியச் சாவியைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஜேசான், அதாவது சேதி எழுதப்பட்டு வரும் வடிவம். வந்த பாடியை (சேதியின் உள்ளடக்கத்தை) பிரித்து, மறுபடி சரமாக்கி, கையொப்பத்தோடு ஒப்பிடும் ஹேஷைப் போட்டால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. வந்த பைட்டுகளை அப்படியே எடுங்கள். பேஸ்64 என்ற குறியீட்டில் வந்திருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிட்டு எடுங்கள்.

இரட்டைப் பதிவைத் தடுக்க ஃபிஃபோ வரிசை (வந்த வரிசையிலேயே கொடுத்து, ஒரே சேதி மறுபடி வந்தால் தள்ளிவிடும் எஸ்க்யூஎஸ் வகை) போதும் என்று சிலர் நம்புகிறார்கள். அதன் நினைவு 5 நிமிடம்தான், ரேஸர்பேயின் மறுமுயற்சியோ 24 மணி நேரம். ஒவ்வொரு சேதிக்கும் ரேஸர்பே தரும் ஈவென்ட் ஐடியை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரே பணத்துக்கு 'பேமென்ட் கேப்சர்ட்', 'ஆர்டர் பெய்ட்' என இரண்டு ஈவென்ட் இரண்டு ஐடியில் வரும். பேமென்ட் ஐடியைத் திறவுகோலாக வைத்து, ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளமான டைனமோடிபியில் "இது ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது" என்ற நிபந்தனையோடு பதியுங்கள்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. பதிந்த கையோடு லாம்டா செத்துப்போனால், அடுத்த முயற்சி "முன்பே பார்த்தாச்சு" என்று சேதியைத் தள்ளிவிடும், இன்வாய்ஸே ஏறாது. ஆகவே 'நடக்கிறது', 'முடிந்தது' என இரண்டு நிலை வேண்டும். 'நடக்கிறது' என்று அறுந்து நின்றால், இன்வாய்ஸின் ரெஃபரன்ஸ் எண்ணில் அந்தப் பேமென்ட் ஐடி இருக்கிறதா என்று ஸோஹோவில் தேடிப் பார்த்துவிட்டே புதிதாகப் போட வேண்டும். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண் தொடர்வரிசையில் போக வேண்டியது. தவறாக ஏறியதை அழித்தால் நடுவில் ஓட்டை விழும்.

இனி பணம். ரூ.10,000 பொருள், 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.11,800. கேட்வே கட்டணம் 2% என்றால் ரூ.236, அதன் மேல் ஜிஎஸ்டி ரூ.42.48. வங்கிக்கு வருவது ரூ.11,521.52. ரேஸர்பே எல்லாவற்றையும் பைசாவில் தரும்: தொகை 1180000, கட்டணம் 27848, வரி 4248. கட்டணத்துக்குள்ளேயே வரி இருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு ஆர்டரிலும் ரூ.42.48 இடிக்கும். வெப்ஹூக் வந்ததும் ரூ.11,800-ஐ வங்கிக் கணக்கில் வரவு வைக்காதீர்கள், பணம் இன்னும் அங்கே போகவில்லை. 'கேட்வே க்ளியரிங்' என்று தனி லெட்ஜர் வைத்து அதில் போடுங்கள். செட்டில்மென்ட் வரும் நாளில், அதாவது ரேஸர்பே பணத்தை வங்கிக்கு அனுப்பும் நாளில், அதிலிருந்து வங்கிக்கு 11,521.52, கட்டணச் செலவுக்கு 236, உள்ளீட்டு வரிக்கு 42.48. தினமும் காலையில் க்ளியரிங் மீதியும் இன்னும் செட்டில் ஆகாத தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சின்ன வேலையை ஓடவிட்டால் பிழை அன்றன்றே மாட்டும். எந்த லெட்ஜர் என்பதை டெவலப்பர் ஊகிக்கக் கூடாது, கணக்காளரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நேரத்திலும் கவனம் தேவை. லாம்டா யுடிசியில் ஓடுகிறது, அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த பணம் அதன் கண்ணுக்கு மார்ச் 31 இரவு 8.30. தேதியை அப்படியே எடுத்தால் விற்பனை போன நிதியாண்டில் போய் உட்காரும், ஜிஎஸ்டியும் மார்ச் கணக்கில் ஏறும்.

ஸோஹோ புக்ஸ் ஒரு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 100 அழைப்புதான் அனுமதிக்கும். ஒரு விற்பனைக்கு நான்கு என்றால் 25 விற்பனை. தீபாவளித் தள்ளுபடி அன்று தாங்காது. வரிசையிலிருந்து எடுக்கும் லாம்டாவின் உச்ச இணை எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்பதை) 2 என்று வையுங்கள். சேதிகள் வரிசையில் காத்திருக்கட்டும், கெட்டுப்போகாது. பலமுறை முயன்றும் முடியாத சேதிகள் ஒதுங்கும் டெட் லெட்டர் வரிசைக்கு 14 நாள் கெடு கொடுங்கள். ஃபிஃபோ அல்லாத சாதாரண வரிசையில் அந்தக் கெடு சேதி முதலில் நுழைந்த நேரத்திலிருந்தே ஓடுகிறது, அதனால் இயல்பான 4 நாளில் விட்டால் எடுத்துப் பார்க்குமுன்பே மறைந்துவிடலாம். ஸோஹோவுக்குள் நுழைய லாம்டா காட்டும் அணுகல் டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிது கேட்டால் ஸோஹோ மறுத்துவிடும், ஓரிடத்தில் வைத்துப் பகிருங்கள். இந்தியக் கணக்கென்றால் ஸோஹோவின் ஏபிஐ முகவரி டாட் இன், டாட் காம் அல்ல. பாதிப் பேர் முதல் நாள் இதில்தான் முட்டுவார்கள்.

ஒரு நாளைக்கு இருபது ஆர்டர்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம். சாயங்காலம் ரேஸர்பேயிலிருந்து சிஎஸ்வி கோப்பை இறக்கி ஸோஹோவில் ஏற்றினாலே போதும்.

கடைசியாக, முதலாளியின் லாகினில் இந்த இணைப்பைக் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், எது எப்போது மாறியது என்று காட்டும் திருத்தப் பதிவேடு கட்டாயம். ராத்திரி 3 மணிக்கு லாம்டா செய்த ஒவ்வொரு வேலையும் அதில் முதலாளி பெயரில் நிற்கும். ஊழியர் லாகினில் கொடுத்தாலோ, அவர் வேலையை விட்டு, கணக்கை மூடிய அன்று டோக்கனும் போய்விடும். இதற்கென்றே தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, இன்வாய்ஸும் வரவும் ஜர்னலும் எழுத மட்டும் உரிமை கொடுங்கள்.