மழை பட்டால் தாங்காத வாட்டர்ப்ரூப் கதவு

இன்று காலை எங்கள் வாசற்கதவைத் திறக்க மூன்று பேர் தேவைப்பட்டோம். உள்ளிருந்து நானும் என் மகனும் இழுக்க, வெளியிலிருந்து பால் போட வந்த தம்பி பாக்கெட்டுகளைப் படியில் வைத்துவிட்டுத் தோளால் முட்ட, ஐந்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. கூடவே கைப்பிடிக்குக் கீழே இருந்த மைக்கா ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. இந்தக் கதவை வாங்கி இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. கொடுத்த விலை 14,000 ரூபாய்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில், கிழக்குப் பார்த்த வாசலோடு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் குடியிருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் தொடங்கும் மழை கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து வாசலில்தான் அறைகிறது. மழை விட்டால் உப்புக்காற்று, அது ஓய்ந்தால் காலை வெயில். இந்த மூன்றையும் ஆண்டு முழுவதும் வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளைக் கேட்டுத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேலட்டையைத் தட்டிக் காட்டி, "வாட்டர்ப்ரூப் மேடம், கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பினேன்.

சென்ற வாரமே கதவு நிலையில் உரச ஆரம்பித்ததால் எங்கள் பகுதி ஆசாரி அண்ணாவை அழைத்திருந்தேன். கீல்களைக் கழற்றி, கதவை இரண்டு முக்காலிகளின் மேல் படுக்க வைத்ததும் அவர் முதலில் குனிந்து பார்த்தது அதன் அடிப்பக்க விளிம்பைத்தான். நானும் குனிந்து பார்த்தேன். முகப்பிலும் முதுகிலும் பளபளவென்று மைக்கா ஒட்டியிருந்த அந்தக் கதவின் அடியில் பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரம் தெரிந்தது. பலகை அடுக்குகள் நனைந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தன. நகத்தை வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. "அடியில ஒரு கை ப்ரைமர்கூட ஓடலக்கா. தண்ணி இங்க இருந்துதான் ஏறியிருக்கு" என்றார். கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனவர்கள் கடையின் ஆட்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பூசி அடைக்காமல் ஒரு மரக்கதவை வெளிவாசலில் மாட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மாட்டியபின் அடி விளிம்பு யார் கண்ணிலும் படாது என்பதற்காகவே அதைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள்.

உரிந்த மைக்காவைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு இன்று பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். அங்கே நடந்த உரையாடலை ஒரு வரிகூட விடாமல் எழுதியே ஆக வேண்டும்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொன்ன முதல் வாக்கியம் இது: "வாட்டர்ப்ரூப்னா தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது மேடம். மழை நேரா அடிச்சா எந்தக் கதவு தாங்கும்?" வாசற்கதவின் மேல் மழை படாமல் வேறு எந்தத் தண்ணீர் படும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், கதவுக்கு மேலே சன்ஷேட் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றரை அடி என்றேன். அது போதாது என்றார். விற்கும் நாளில் ஏன் கேட்கவில்லை என்றேன். உடனே, "வூடு எங்க மேடம்?" என்றார். திருவொற்றியூர், கடற்கரைப் பக்கம் என்றேன். "அப்ப கடல் பக்கம்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

வாசகர்களே, அளவெடுக்க எங்கள் வீட்டுக்கே வந்துபோனவர் அவர். என்னுடைய முகவரியைப் பில்லில் தம் கையால் எழுதியவரும் அவர். அந்த முகவரிக்குத் தம் வண்டியில் கதவை ஏற்றி அனுப்பியவரும் அவர். அவருடைய கடையே வடசென்னையில்தான் இருக்கிறது. அங்கே கதவு வாங்க வருகிறவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, எர்ணாவூர் ஆட்களே தவிர, ஊட்டியிலிருந்து யாரும் வருவதில்லை. வாசல் எந்தத் திசை, கடல் எவ்வளவு தூரம், தெருவில் தண்ணீர் எந்த அளவு நிற்கும் என்ற மூன்று கேள்விகளை அவர்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விற்றுவிட்டு, நான் சொல்லவில்லை என்று என் தலையில் பழியைப் போடுகிறார்.

அதோடும் விடவில்லை. "இது செவன் டென் கதவு மேடம்" என்றார். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணய எண். அந்தப் பலகையின் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் நிற்க வேண்டும். உள்ளே மரக்கட்டைகளை அடுக்கிச் செய்யும் ஃப்ளஷ் கதவுக்கு உரிய எண் ஐ.எஸ். 2202. இரண்டும் வேறு வேறு என்று சொல்லி, கதவின் எந்த இடத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, அதன் கீழே இருக்க வேண்டிய உரிம எண் எங்கே என்று கேட்டபோது, அது மைக்காவுக்கு உள்ளே போய்விட்டது என்றார். உரிம எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்து, அது உண்மையானதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஃபீனால் வகைப் பசையில் ஒட்டிய பலகைதான் ஈரத்தைத் தாங்கும். யூரியா வகைப் பசை ஈரம் ஏறினால் விட்டுவிடும். என் கதவு பிரிந்து நிற்கும் விதத்தைப் பார்த்தால் அதில் எந்தப் பசை போயிருக்கிறது என்பதில் ஆசாரி அண்ணாவுக்குச் சந்தேகமே இல்லை.

சரி, மாற்றுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். டபிள்யூ.பி.சி. கதவைக் காட்டினார். தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது. நாள்தோறும் வெயில் விழும் வாசலில் அடர்ந்த நிறத்தில் மாட்டினால் சூட்டில் வளையும் அபாயம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். உள்ளே கூடாக இருக்கும் பி.வி.சி. கதவு குளியலறைக்குச் சரி, வாசலுக்கு எடுபடாது. இரும்புக் கதவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எதிர்வீட்டில் தினமும் பார்க்கிறேன்: துத்தநாகப் பூச்சும் பவுடர் பூச்சும் முகப்பைக் காப்பாற்றியிருக்கின்றன, பூட்டுக்காகத் துளையிட்ட இடத்திலும் அடி மடிப்பிலும் இரண்டாவது மழைக்காலத்திலேயே செந்துரு வழிந்துவிட்டது.

கீலுக்கு வந்தோம். கடல் பக்கத்தில் 304 ரக எவர்சில்வரில்கூட நாளாவட்டத்தில் துருப் புள்ளி விழும், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வேண்டும் என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கீலில் வைத்து, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்" என்றார். மட்டமான 202 எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. எத்தனை வீட்டுக்காரர்கள் அந்தக் காந்தத்தைப் பார்த்து நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு நடுங்கியது.

கடைசியாகத் தேக்கு. "பர்மா தேக்கு போட்டுக்கோங்க, வெலைதான் ஒரு மாதிரி" என்றார். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அப்படியிருக்க, கேட்கிற ஒவ்வொருவருக்கும் பர்மா தேக்கு என்று இவர்கள் எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் மரம்? தேக்கின் எண்ணெய்ச் சத்தெல்லாம் அதன் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில்தான் இருக்கிறது. வைரம் பாயாத ஓரத்து வெள்ளை மரத்தைச் சாயம் பூசிச் சேர்த்துவிட்டால், பெயர் தேக்காக இருந்தாலும் கரையானுக்கு அது சாதாரணப் பலகைதான்.

தேக்கு என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் பழைய கதவு தேக்கு. மாமனார் 1984இல் வீடு கட்டியபோது ஆள் வைத்து இழைத்தது. நான்கு சட்டங்களிலும் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, மழையில் ஊதினால் காடிக்குள்ளேயே ஊதிக்கொள்ளும்படி நடுப்பலகைகளை ஆணி அடிக்காமல் செருகியிருந்தார்கள். நாற்பது மழைக்காலத்தில் அது ஒரு நாளும் நிலையில் சிக்கியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் முழங்கால் அளவு உள்ளே வந்து நின்றது. அந்தக் கறை கதவின் கீழ்ச்சட்டத்தில் கறுப்புக் கோடாகப் படிந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தின் மூலை மட்டும் உளுத்தது. அதற்காகத்தான் கதவையே மாற்றத் துணிந்தோம்.

புதுக் கதவுக்கு அளவெடுக்க வந்த அன்று, இதே கடைக்காரர் பழைய கதவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கூட்டர் சாவியால் நடுப்பலகையின் ஓரத்தைச் சுரண்டி, சுரண்டிய தூளை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். அதைச் செய்ததை என் அத்தையும் நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மோந்துவிட்டு எழுந்து, "ஃபுல்லா உளுத்துப்போச்சு மேடம், எக்ஸ்சேஞ்சுல 2,000 போட்டுக்கலாம்" என்றார். நாங்கள் சம்மதித்தோம்.

கீழ்ச்சட்டம் ஒன்றை மட்டும் புதிதாகச் செய்து சேர்த்திருந்தால் அந்தக் கதவு இன்னும் முப்பது வருடம் உழைத்திருக்கும் என்று ஆசாரி அண்ணா சொல்கிறார். 710க்கும் 2202க்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதருக்குத் தேக்கின் வாசனை மட்டும் தெரிந்திருந்தது. எங்கள் கதவு எங்கே என்று இன்று கேட்டேன். அன்றைக்கே விற்றுப் போய்விட்டது என்றார்.